டிபி குணமான அம்மாவுக்கு வீட்டுல விருந்து வைக்கணும்னா: நம்ம மலைல இருக்கவங்களுக்கு

எங்கம்மாவுக்கு டிபி மாத்திரை முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலமே திருப்பூர்ல இருந்து மாமா போன் போட்டு "அக்காவுக்கு ஒரு விசேஷம் வெச்சிரலாம், நூறு பேர கூப்பிடலாம், பந்தல் போடலாம்"னு ஆரம்பிச்சுட்டாரு. சந்தோஷத்துல சொல்றாரு, தப்பு சொல்ல முடியாது. ஆனா ஆறு மாசம் பக்கத்துல இருந்து பாத்தவ நான், நூறு பேர் நடுவுல அம்மாவால அரைமணி நேரம் கூட உக்கார முடியாதுன்னு எனக்கு தெரியும். அப்புறம் ஒரு மாசம் யோசிச்சு, விசாரிச்சு, முப்பது பேரோட ஒரு ஞாயித்துக்கிழமை செஞ்சோம், நல்லபடியா நடந்துச்சு. அதுக்கப்புறம் எங்க லைன்லயே ரெண்டு வீட்டுல என்கிட்ட வந்து எப்படி பண்ணினேன்னு கேட்டாங்க, அதான் மொத்தமா எழுதி வெச்சுடலாம்னு உக்காந்தேன். நாங்க இருக்கறது நீலகிரில கோத்தகிரி பக்கம், டீ எஸ்டேட் லைன் வீடு, அதாவது தோட்டத்துல வேலை செய்யறவங்களுக்கு வரிசையா கட்டின வீடு. குன்னூர், ஊட்டி, கூடலூர்ல இருக்கவங்களுக்கும் முக்கால்வாசி இதே கதைதான்.

முதல் வேலை, தேதி பாக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட இருந்து "முடிஞ்சுது"ன்னு வாயால கேட்டுக்கோங்க. சாதாரண டிபிக்கு ஆறு மாசம், அதாவது முதல் 56 நாள் நாலு மருந்து, அப்புறம் 112 நாள் மூணு மருந்து, மொத்தம் 168 நாள். மாத்திரை டப்பா காலியானா குணம் ஆயிட்டதா நம்மளே நெனச்சுக்கறோம், ஆனா கடைசில சளி டெஸ்ட் எடுத்து கிருமி இல்லன்னு ரிசல்ட் வரணும், எக்ஸ்ரேயும் பாப்பாங்க. எக்ஸ்ரேல தழும்பு தெரியும், அத பாத்து பயந்துடாதீங்க, புண்ணு ஆறின இடத்துல தழும்பு இருக்கற மாதிரிதான் அது. நாங்க மாத்திரை முடிஞ்சு ரெண்டு வாரத்துல ரிசல்ட் வாங்கிட்டுத்தான் தேதியே பேசினோம். ரெண்டாவது மாசமே அம்மாவுக்கு இருமல் நின்னு, பசி எடுத்து, முகம் தெளிஞ்சுடுச்சு, அப்பவே பாதி சொந்தக்காரங்க "சரியாயிடுச்சே, சாமி கும்பிட்டுரலாம்"னாங்க. அப்ப செஞ்சிருந்தா அம்மா மனசுல நோய் போயிடுச்சுன்னு பதிஞ்சிருக்கும், மாத்திரைய விட்டிருப்பாங்க. பாதில விட்டா மருந்துக்கு அடங்காத டிபியா திரும்பி வரலாம். அதனால நடுவுல யார் சொன்னாலும் விசேஷம் வேண்டாம்.

அடுத்தது, யாருக்காக வெக்கறோமோ அவங்ககிட்டயே கேளுங்க. இது சொல்றப்ப சாதாரணமா இருக்கு, ஆனா நம்ம வீடுகள்ல பெரும்பாலும் கேக்கறதே இல்ல, மக்க மனுசங்க எல்லாரும் கூடி முடிவு பண்ணிட்டு அவங்கள கடைசில கொண்டு வந்து நாற்காலில உக்கார வெச்சு மாலைய போட்டுடுவோம். எனக்கு ரெண்டு கேள்வி இருந்துச்சு. விசேஷம் வேணுமா வேண்டாமா, வேணும்னா என்ன நோய்னு வெளிய சொல்லலாமா கூடாதா. ரெண்டாவதுதான் கஷ்டமானது. எங்க தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கோம், டிபி வந்த வீடுன்னு தெரிஞ்சா அப்படியே பின்வாங்கிடுவாங்கன்னு பெரியம்மா ஒரே பயம், "நிமோனியான்னு சொல்லு, நெஞ்சு சளின்னு சொல்லு"ன்னு எனக்கு பாடம் எடுத்தாங்க. நான் அம்மாகிட்ட ராத்திரி அடுப்பு பக்கத்துல உக்காந்து மெதுவா கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "ஆறு மாசம் வாய மூடிக்கிட்டு இருந்தேன் பாப்பா, இனிமே நானே சொல்லிக்கறேன், நீங்க யாரும் எனக்காக சொல்ல வேண்டாம்"னாங்க. உங்க வீட்டுல சொல்ல வேண்டாம்னு சொன்னா அதுவும் சரிதான், அது அவங்க உரிமை, அப்ப "உடம்பு சரியில்லாம இருந்து தேறிட்டாங்க"ன்னு மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுங்க, ஆளுக்கு ஒரு நோய் பேர சொல்லி குழப்பாதீங்க.

இப்ப யார கூப்பிடறதுன்னு. டிபி வந்த வீட்டுல இது மத்த நோய் மாதிரி இல்ல. காலு உடைஞ்சா ஊரே வந்து பாக்கும். டிபின்னா வாசல்ல நின்னு கேட்டுட்டு போவாங்க. எங்க அத்தை ஒருத்தங்க, அம்மாவோட சின்ன வயசுல இருந்து ஒண்ணா கொழுந்து பறிச்சவங்க, ஆறு மாசத்துல ஒரு நாள் கூட படி ஏறல, முந்தானையால மூக்க பொத்திக்கிட்டு வேலி பக்கத்துல நின்னு பேசிட்டு போயிடுவாங்க. எனக்கு அவங்கள கூப்பிடவே மனசில்ல. அம்மாதான் "அவளுக்கு பயம், வெறுப்பு இல்ல"ன்னு சொல்லி கூப்பிட சொன்னாங்க.

பயந்து இருக்கவங்கள கூப்பிடறப்ப ஒரு போன் தனியா போட்டு விஷயத்த சொல்லிடுங்க, வீட்டுக்கு வந்து நிக்கறப்ப சொல்லாதீங்க. நான் அத்தைகிட்ட சொன்னது இதுதான்: சளி டெஸ்ட்ல கிருமி இல்ல, இது காத்துல பரவற நோய், தட்டுலயும் டம்ளர்லயும் பரவாது, சரியான மருந்து ஆரம்பிச்சா பெரும்பாலும் ரெண்டு மூணு வாரத்துலயே அடுத்தவங்களுக்கு பரவறது நின்னுடும், நாங்க கூடவே இருந்தவங்க, எங்களுக்கும் எக்ஸ்ரே எடுத்து பாத்து தடுப்பு மாத்திரை குடுத்தாங்க, எங்களுக்கு ஒண்ணும் இல்ல. அதோட எங்க காசநோய் பணியாளர் அக்கா எனக்கு சொன்ன ஒரு விஷயத்தையும் சொன்னேன். மெட்ராஸ்ல 1956ல ஆரம்பிச்ச ஒரு ஆராய்ச்சி, 1959ல முடிவு வந்துச்சு, பாதி பேர சானடோரியம்ங்கற டிபி ஆஸ்பத்திரில வெச்சும் பாதி பேர அவங்க நெருக்கடியான வீட்டுலயே வெச்சும் மருந்து குடுத்து பாத்திருக்காங்க, வீட்டுல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானாங்க, அவங்க கூட இருந்த குடும்பத்துக்கு நோய் அதிகமா வரவும் இல்ல. அதுக்கப்புறம்தான் உலகம் பூரா டிபிக்காரங்கள வீட்டுல வெச்சே வைத்தியம் பாக்க ஆரம்பிச்சாங்க. நம்ம மெட்ராஸ்ல கண்டுபிடிச்சு உலகத்துக்கே சொன்ன விஷயம், அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, நம்ம வீட்டுல இன்னும் டம்ளர தனியா வெக்கறோம். அத்தை "அப்படியா புள்ள"ன்னு மட்டும் கேட்டாங்க. வந்தாங்க, அத அப்புறம் சொல்றேன்.

கட்டாயம் கூப்பிட வேண்டியவங்க யாருன்னா, கஷ்டத்துல கூட இருந்தவங்க. எங்களுக்கு பக்கத்து வீட்டு படுகர் அம்மா ஒருத்தங்க தினமும் ஒரு முட்டை குடுத்து விட்டாங்க, ஒரு நாள் தவறல. ஆட்டோ ஓட்டற தம்பி ஆஸ்பத்திரிக்கு பாதி நாள் காசே வாங்கல. வாராவாரம் போன் பண்ணி "மாத்திரை போட்டீங்களா அம்மா"ன்னு கேட்ட காசநோய் பணியாளர். இவங்கள முதல் பந்தில உக்கார வெக்கணும்னு நான் முன்னாடியே முடிவு பண்ணிட்டேன், சொந்தக்காரங்க அடுத்த பந்தி. கொஞ்சம் முணுமுணுப்பு வந்துச்சு, பரவால்ல.

இருமல், சளி, காய்ச்சல் இருக்கவங்க வர வேண்டாம்னு தயங்காம சொல்லுங்க. அம்மாவுக்கு நுரையீரல் இப்பதான் ஆறிட்டு இருக்கு, சாதாரண சளி பிடிச்சா கூட ஒரு மாசம் இழுக்கும். அதே போன்லயே, ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்கால காய்ச்சல், எடை குறையறது, ராத்திரி வேர்வை இதெல்லாம் யாருக்காவது இருந்தா கவர்மெண்ட் ஆஸ்பத்திரில சளி டெஸ்ட் ஃப்ரீயா எடுத்துக்க சொல்லுங்க. எங்கம்மாவுக்கு இது முதல்ல தெரியாம போச்சு. ஒரு இடத்துல ரெண்டு மாசம் இருமல் டானிக்கே மாத்தி மாத்தி குடுத்தாங்க, அதுக்குள்ள 38 கிலோ ஆயிட்டாங்க. சீக்கிரம் டெஸ்ட் எடுத்திருந்தா அவ்வளவு இளைச்சிருக்க மாட்டாங்கன்னு இன்னும் எனக்கு நெஞ்சு அடைக்குது.

தேதி. கீழ பஞ்சாங்கம் பாப்பாங்க, நம்ம மலைல முதல்ல வானத்த பாக்கணும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை, மேட்டுப்பாளையம் ரோட்டுல மண்ணு சரிஞ்சா கீழ இருந்து வர்றவங்க பாதில நிப்பாங்க. ஜூன் ஜூலைல கூடலூர் பந்தலூர் அவலாஞ்சி பக்கம் தென்மேற்கு மழை கொட்டும். டிசம்பர் ஜனவரில உறைபனி, காலைல மூச்சு விட்டாலே நெஞ்சு எரியும், நமக்கே அப்படின்னா நுரையீரல் புண்ணானவங்களுக்கு சொல்லவே வேண்டாம். ஏப்ரல் மே சீசன், ரோடு முழுக்க டூரிஸ்ட் வண்டி. நாங்க பிப்ரவரி கடைசி ஞாயிறு வெச்சோம், வெயிலும் இருந்துச்சு, தோட்டத்துல எல்லாருக்கும் லீவும் கூட. வெளில இருந்து சொந்த வண்டில வர்றவங்களுக்கு 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் போடணும், சீசன்ல வண்டி எண்ணிக்கைக்கும் அளவு வெச்சிருக்காங்க, அத முன்னாடியே சொல்லிடுங்க. கவர்மெண்ட் பஸ்ல வந்தா அந்த தொல்லை இல்ல. வளைவுல வாந்தி வர்ற ஆளுங்க எலுமிச்சம்பழம் கைல வெச்சுக்கட்டும். பிளாஸ்டிக் தட்டு, கப், தண்ணி பாட்டில் வாங்கிட்டு வராதீங்கன்னும் சொல்லுங்க, இங்க தடை.

நேரம் காலைல 11ல இருந்து 3 மணி, அவ்வளவுதான். இதுல நான் பிடிவாதமா இருந்தேன், நீங்களும் இருங்க. 11 மணிக்குத்தான் வாசல்ல வெயில் நல்லா விழும், 3 மணிக்கு மேல மூடுபனி ஏறி வந்துடும், நாலு மணிக்கெல்லாம் கை விரைக்கும். கீழ இறங்கறவங்களும் இருட்டறதுக்குள்ள மேட்டுப்பாளையம் தாண்டிடுவாங்க, அந்த ரோட்டுல சாயங்காலத்துக்கு மேல யானை நிக்கும்.

இடம் வீட்டுக்குள்ள வேண்டாம், வாசல். லைன் வீடு ரெண்டு ரூம், முப்பது பேர் உள்ள அடைஞ்சா மூச்சு முட்டும். நம்ம மலைல குளிருக்கு பயந்து ஜன்னல வருஷம் பூரா சாத்தியே வெச்சிருப்போம், எங்க வீட்டு ஜன்னல்ல பழைய பேப்பர் ஒட்டி இருந்துச்சு, டிபி வந்தப்புறம்தான் அத கிழிச்சு எடுத்தேன். காத்தும் வெயிலும் இருக்கற இடத்துல இந்த கிருமியும் சரி, வேற சளி காய்ச்சலும் சரி பரவறது குறைவு. வாசல்ல தார்ப்பாய் ஒரு பக்கம் மட்டும் கட்டினோம், காத்து அடிக்கற பக்கம், மத்த மூணு பக்கமும் திறந்து விட்டோம். அம்மாவுக்கு கை வெச்ச நாற்காலி, முதுகுல வெயில் படற மாதிரி, காலுக்கு கீழ சாக்கு, மேல சால்வை. குளிருதுன்னு யாராவது கரி அடுப்ப தூக்கிட்டு வந்து ரூமுக்குள்ள கணப்பு போட்டு கதவ சாத்தினா விடவே விடாதீங்க. மூடின ரூம்ல கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு, வாசனையும் வராது கண்ணுக்கும் தெரியாது, தூக்கத்துலயே ஆள கொன்னுடும். ராத்திரி தங்கறவங்களுக்கு கம்பளி கூட ரெண்டு குடுங்க, கணப்பு வேண்டாம்.

புகைன்னு சொன்னதும் இன்னொண்ணு. பெரியம்மா வந்ததும் வராததுமா அம்மாவ உக்கார வெச்சு திருஷ்டி சுத்தி, வரமிளகாய அடுப்புல போட போனாங்க. அந்த நெடி நல்ல நுரையீரலையே இருமி இருமி கண்ணுல தண்ணி வர வெக்கும். நான் ஓடிப்போய் கைய பிடிச்சு, "பெரியம்மா, சுத்துங்க, நல்லா சுத்துங்க, ஆனா கீழ ரோட்டோரமா கொண்டு போய் போட்டுடுங்க"ன்னேன். கேட்டுக்கிட்டாங்க. சாம்பிராணியும் அப்படித்தான், ஊதுபத்திய வாசல் ஓரத்துல வெச்சுக்கலாம். வேண்டுதல் இருந்தா அதையும் உடம்புக்கு தகுந்த மாதிரி பண்ணுங்க. எங்கம்மா குன்னூர் தந்தி மாரியம்மனுக்கு மாவிளக்கு நேந்திருந்தாங்க, தேர் சமயத்துல கூட்டத்துல நசுங்க வேண்டாம்னு ஒரு செவ்வாய்க்கிழமை காலைல கூட்டம் இல்லாதப்ப கூட்டிட்டு போனேன். பால்குடம், தீச்சட்டி, பழனிக்கு பாதயாத்திரைன்னு நேந்திருக்கவங்க ஒரு வருஷம் கழிச்சு கூட செய்யலாம், சாமி கோவிச்சுக்காது. நடக்க முடியலன்னா வீட்டுல வேற ஆள் அவங்க பேர்ல நடக்கட்டும்.

விசேஷத்துக்கு பத்து நாள் முன்னாடி பிளவுஸ் தைக்க குடுங்க. இத யாருமே யோசிக்கறதில்ல. அம்மா 38 கிலோல இருந்து 46க்கு வந்திருந்தாங்க, நோய்க்கு முன்னாடி தெச்ச பிளவுஸ் எல்லாம் தோள்ல இருந்து வழியுது, நோயப்ப பிடிச்சு தெச்சது கைல இறுக்குது. டைலர் அக்கா டேப்ப வெச்சு அளந்துட்டு "கை ஒன்னரை இஞ்சு ஏறியிருக்கு"ன்னு சொன்னப்ப அம்மா அந்த டேப்பையே பாத்துட்டு இருந்தாங்க. தாய்மாமன் சீரா மாமா புடவை எடுத்துட்டு வந்தாரு, அதுக்கும் பிளவுஸ் பிட்ட முன்னாடியே அனுப்ப சொல்லிட்டேன், இல்லன்னா அன்னிக்கு கட்ட முடியாது. மத்தவங்க என்ன வாங்கிட்டு வரட்டும்னு கேட்டா வெக்கப்படாம சொல்லுங்க, முட்டை, கடலை, பாசிப்பயறு, நல்ல கம்பளி சாக்ஸ். ஆறு மாசமும் எங்களுக்கு சத்துணவுக்குன்னு அரசாங்கம் மாசத்துக்கு 1000 ரூபாய் கணக்குல பேங்க்ல போட்டுச்சு, 2024 நவம்பருக்கு முன்னாடி அது 500தான், அதுல முட்டையும் பாலும் வாங்கினோம், மருந்து முடிஞ்சதும் அது நின்னுடும். சாப்பிட வேண்டியது நிக்கல. ஜார்க்கண்ட்ல நடந்த ஒரு ஆராய்ச்சி 2023ல வெளிவந்துச்சு, டிபி இருக்கவங்களோட வீட்டாளுங்களுக்கு சத்தான சாப்பாடு குடுத்ததுல அவங்களுக்கு புதுசா டிபி வர்றது 39 சதவீதம் குறைஞ்சுது. அதனால அம்மாவுக்கு மட்டும் முட்டை வெச்சுட்டு நாம கஞ்சி குடிச்சுட்டு இருக்க கூடாது.

சமையல். ஆறு மாசம் வாய்ல ருசி இல்லாம, காலைல மாத்திரைய போட்டா குமட்டி, மூத்திரம் ஆரஞ்சு கலர்ல போறத பாத்து பயந்து கெடந்தவங்களுக்கு என்ன சாப்பிடணும்னு ஆசைன்னு கேட்டு அதுல இருந்து ஆரம்பிங்க. எங்க தாத்தா பாட்டி இலங்கைத் தோட்டத் தமிழர்கள இந்தியாவுக்கு அனுப்பின 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் கண்டில இருந்து வந்தவங்க, அம்மாவுக்கு விசேஷம்னா பிரியாணி கிடையாது, தேங்காய் ரொட்டியும் சம்பலும்தான். அதுதான் கேட்டாங்க. கோதுமை மாவுல தேங்காய் துருவல், உப்பு, கொஞ்சம் வெங்காயம் போட்டு பிசைஞ்சு கையாலயே தட்டி தோசைக்கல்லுல போடறது. சம்பலுக்கு தேங்காய், வரமிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, எலுமிச்ச, அம்மில வெச்சு கரகரன்னு அரைக்கணும், மிக்சில போட்டா தண்ணி விட்டு சட்னி ஆயிடும். காரம் பாதியா குறைச்சோம்.

முப்பது பேருக்கு நாங்க போட்டது மூணரை கிலோ அரிசி, அஞ்சு கிலோ கோழி, பருப்பு ஒரு கிலோ, பீன்ஸ் காரட் மூணு கிலோ பொரியலுக்கு, மேரக்காய் (சௌசௌ) கூட்டு, முட்டை நாற்பது, ரசம், தயிர். ரொட்டி இருந்ததால சோறு மிஞ்சிச்சு, மூணு கிலோவே போதும். கீழ இருந்து வந்து சமைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுங்க, நம்ம உயரத்துல தண்ணி 94 டிகிரி கிட்டயே கொதிச்சுடும், பாக்க தளதளன்னு கொதிக்கும் ஆனா பருப்பு வேகாது. திருப்பூர் சித்தி அண்டால பருப்ப போட்டுட்டு முக்கா மணி நேரம் ஆச்சு, நசுக்கி பாத்தா உள்ள கல்லு மாதிரி இருக்கு, அப்புறம் மூணு குக்கர்ல பிரிச்சு ஏத்தி, வழக்கமா வெக்கறத விட ரெண்டு விசில் கூட விட்டு எடுத்தோம். சாப்பாடு 12.30க்கு போடணும்னா 8 மணிக்கே அடுப்ப பத்த வெச்சுடுங்க. விறகு அடுப்புன்னா வீட்டுக்கு பின்னாடி, அம்மா உக்காந்திருக்கற பக்கம் புகை வராத மாதிரி காத்த பாத்து வைங்க.

குடிக்கறது, பீடி சிகரெட் ரெண்டும் கிடையாதுன்னு முன்னாடியே ஆம்பளைங்ககிட்ட சொல்லணும், அன்னிக்கு வந்து சொன்னா சண்டைதான். டிபி மாத்திரை ஈரல பாதிக்கலாம், அதனால அது முடிஞ்ச கையோட நோயாளி குடிக்கவே கூடாது, நோய் ஆம்பளைக்கு வந்திருந்தா இது ரொம்ப முக்கியம். பீடி குடிக்கறவங்களுக்கு டிபி திரும்ப வர்ற வாய்ப்பு அதிகம். எங்க மாமா ஒரு பையோட வந்தாரு, நான் பைய பாத்தேன், அவரு என்னை பாத்தாரு, கார்லயே வெச்சு பூட்டிட்டாரு.

அம்மாவ சமையல்கட்டுக்குள்ள விடாதீங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, பாதிதான் சரி. ஒரு வேலையும் குடுக்காம ஓரமா உக்கார வெச்சா நோயாளியாவே இருப்பாங்க. உக்காந்துக்கிட்டே செய்யற ஒரு வேலை குடுங்க. எங்கம்மாகிட்ட மாவு சட்டிய மடில குடுத்தோம், முதல் ரொட்டி அவங்க தட்டினாங்க. விரல் எல்லாம் மெலிஞ்சு, மோதிரம் நூல் சுத்தி போட்டிருந்தாங்க, அந்த கை வாழை இலைல மாவ சுத்தி சுத்தி ஓரம் ஒரே கனமா வர்ற மாதிரி தட்டிச்சு, பழைய வேகம் இல்ல, பழைய வட்டம் அப்படியே வந்துச்சு. நாலாவது ரொட்டில மூச்சு வாங்கிச்சு, சித்தி வாங்கிக்கிட்டாங்க.

மூச்சு வாங்கறது, சீக்கிரம் களைச்சு போறது குணமானப்புறமும் கொஞ்ச மாசம் இருக்கும். அதுக்காக எனக்கும் அம்மாவுக்கும் ஒரு சைகை வெச்சுக்கிட்டோம், அம்மா சால்வைய தலைக்கு மேல இழுத்து போட்டா நான் வந்து "அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க"ன்னு கூட்டிட்டு போயிடுவேன். உள் ரூம்ல பாய் விரிச்சு, ஜன்னல திறந்து வெச்சு, யாரும் பைய போடாம காலியா வெச்சிருந்தேன். ரெண்டு தடவ போய் படுத்தாங்க, ஒரு தடவ இருபது நிமிஷம் தூங்கியே போயிட்டாங்க. வெளில எல்லாரும் பேசிட்டு இருந்தாங்க, ஒண்ணும் குறைஞ்சு போகல.

பேச்சுக்கும் ஒரு ஆள் வேணும். "எப்படி இருந்தவ இப்படி ஆயிட்டியே", "எங்க ஊர்ல ஒருத்தருக்கு இதே நோய், பாவம் போயிட்டாரு"ன்னு நம்மாளுங்க பாசத்துலதான் சொல்வாங்க, கேக்கறவங்களுக்கு நெஞ்சு கலங்கிடும். கலகலன்னு பேசற ஒரு மாமாவையோ சித்தப்பாவையோ பக்கத்துலயே உக்கார வெச்சு, அந்த மாதிரி பேச்சு வந்தா திருப்பி விடணும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போடறத அம்மாகிட்ட கேட்டுட்டு போட சொல்லுங்க.

இனி அந்த டம்ளர் விஷயம். எங்க வீட்டுல நோய் தெரிஞ்ச அன்னிக்கு யாரோ சொன்னாங்கன்னு அம்மாவோட எவர்சில்வர் டம்ளர் அடில சிவப்பு நெயில்பாலிஷ் புள்ளி வெச்சோம். வெச்சது நான்தான். காத்துல பரவறதுன்னு பணியாளர் அக்கா சொன்னப்புறமும், அம்மாவே "இருக்கட்டும், புள்ளைங்க இருக்கற வீடு"ன்னு அத மட்டும்தான் எடுப்பாங்க, தானே கழுவி தனியா கவுத்து வெப்பாங்க. விசேஷத்துக்கு முந்தின நாள் ராத்திரி நான் அத சுரண்டி எடுத்து மத்த டம்ளரோட சேத்து கழுவிட்டேன். உங்க வீட்டுலயும் தனி தட்டு, தனி டம்ளர், தனி போர்வைன்னு ஏதாவது இருக்கும், விசேஷத்துக்கு முன்னாடி அத ஒண்ணாக்கிடுங்க, அது நடக்காம மாலையும் புடவையும் போட்டு பிரயோஜனம் இல்ல.

முதல் டீ அம்மா கையால குடுக்கணும்னு ஏற்பாடு பண்ணினேன். டிரேய நான் பிடிச்சுக்கிட்டேன், அம்மா எடுத்து எடுத்து குடுத்தாங்க. அத்தைகிட்ட வந்தப்ப அம்மா கை ஒரு நொடி நின்னுச்சு. அத்தை எழுந்து நின்னு ரெண்டு கையாலயும் வாங்கி, அங்கயே நின்னுக்கிட்டே ஒரு வாய் குடிச்சுட்டு, "இனிப்பு பத்தல மதினி"ன்னாங்க. அம்மா "உனக்கு எப்பதான் பத்திச்சு"ன்னு சொல்லிட்டு சிரிச்சாங்க. எல்லாரும் உக்காந்தப்புறம், யாரும் கேக்காமயே அம்மா "எனக்கு வந்தது டிபி, மாத்திரை எல்லாம் ஒரு நாள் விடாம போட்டேன், போயிடுச்சு"ன்னு ரெண்டு வரில சொல்லிட்டு சால்வைய சரி பண்ணிக்கிட்டாங்க. பெரியம்மா தலைய குனிஞ்சுக்கிட்டாங்க, ஆனா ஒண்ணும் சொல்லல. பணியாளர் அக்காவுக்கு அம்மா ஒரு தட்டுல வெத்தலை பாக்கு பழம் வெச்சு குடுத்தாங்க. சடங்குன்னு நாங்க செஞ்சது இவ்வளவுதான், உங்க வழக்கப்படி ஆரத்தி, நலங்கு எது வேணா வெச்சுக்கோங்க, நிக்க வெக்காம உக்கார வெச்சு செய்யுங்க.

3 மணிக்கு பாத்திரம் கழுவ ஆளு, நாற்காலி திருப்பி குடுக்க ஆளு, கீழ போறவங்கள பஸ் ஏத்தி விட ஆளுன்னு முன்னாடியே பிரிச்சு வெச்சுடுங்க, இல்லன்னா எல்லாரும் போனப்புறம் அம்மாதான் குனிஞ்சு பெருக்கிட்டு இருப்பாங்க. அடுத்த ரெண்டு நாள் யாரையும் வர சொல்லாதீங்க, முழு ஓய்வு. கஞ்சி, ரசம் சோறு, தூக்கம். காய்ச்சலோ இருமலோ வருதான்னு ஒரு வாரம் கவனிங்க.

எல்லாரும் இருக்கறப்பவே ஒரு வேலைய முடிச்சுடுங்க, அடுத்த செக்கப் தேதி. மருந்து முடிஞ்சு 6, 12, 18, 24 மாசத்துல போய் காட்டணும், ரெண்டு வருஷம். வீட்டுல ஒருத்தியா இத ஞாபகம் வெச்சுக்கறது கஷ்டம். நான் காலண்டர எடுத்துட்டு வந்து வாசல்லயே "யாரு எப்ப கூட்டிட்டு போறீங்க"ன்னு கேட்டேன். 6வது மாசம் மாமா, அவரு ஜூலைல வரணும். 12 ஆட்டோ தம்பி. 18 நான். 24க்கு யாரும் சொல்லல, அத்தைதான் டம்ளர கீழ வெச்சுட்டு "அத எம்பேர்ல எழுது"ன்னாங்க.